கொட்டாஞ்சேனையில் பத்தியச் சாப்பாடு

இரத்தினசிங்கம் பல்லுக்கு ரூட் கெனால் செய்துகொண்டது வியாழக்கிழமை பின்னேரம். இருட்டுவதற்குள் அவர் குடியிருக்கும் வெள்ளவத்தை அடுக்குமாடியில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. வாசல் காவலாளிக்குச் சிங்களத்தில் சொன்னார். லிப்டில் ஏறிய பெண்ணுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். மாலையில் மரைன் டிரைவில் தன்னோடு நடக்கும் ரெனால்டுக்குத் தொலைபேசியில் தமிழில் சொன்னார். வாய் மரத்துப் போயிருந்ததால் ஒரு மொழியும் சரியாக விளங்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் இரண்டாம் தரமும் சொல்ல வேண்டி வந்தது.

பல் டொக்டர் ஷஹீமா சொன்னது மிகச் சுருக்கம். "இப்ப போட்டிருக்கிறது தற்காலிக அடைப்புத்தான். பல்லுக்கு மேல கிரவுன் மூடி போடுற வரைக்கும் இடது பக்கத்தால மெல்ல வாணாம், கடினமான சாமான் கடிக்க வாணாம். சோறு, பருப்பு, இடியப்பம் எல்லாம் தாராளமாச் சாப்பிடுங்க." பக்கத்துக் கதிரையில் இருந்த இரத்தினசிங்கத்தின் மனைவி சிவமணி இதைக் காதால் கேட்டார். ஆனால் காலி வீதியைக் கடந்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் டொக்டர் சொன்னது இரத்தினசிங்கத்தின் வாயில் வேறாக மாறியிருந்தது.

"ஒண்டும் சாப்பிடேலாதாம். ஒரு தவறு விட்டாலும் பல்லு முழுக்கப் போயிடுமாம்" என்றார்.

இரத்தினசிங்கம் காப்புறுதிக் கம்பனியொன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கொழும்பில் யார் வீட்டிலாவது கலியாணப் பேச்சு எழுந்தால் அவருக்குத்தான் முதலில் தொலைபேசி வரும். யாழ்ப்பாணத்தில் எந்த ஊரில் எந்தக் குடும்பம், அந்தக் குடும்பம் யாரிடம் பெண் எடுத்தது, யார் வீட்டில் கை நனைக்காமல் திரும்பியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சாதி என்ற சொல்லை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. "ஆக்கள் எப்பிடி?" என்று மட்டும் கேட்பார். கேட்கும்போது குரல் கொஞ்சம் தாழும். கூட்டங்களில் பேசக் கிடைத்தால் தமிழர் எல்லோரும் ஒரு தாய் பிள்ளைகள் என்று மேசையில் தட்டிச் சொல்வார். கைதட்டு வாங்குவார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

சாப்பாட்டுப் பத்தியம் வியாழன் இரவே தொடங்கியது. சிவமணி இடியப்பமும் சொதியும் வைத்தார். இரத்தினசிங்கம் ஒரு இழையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பல்லுக்கை சிக்கும்" என்றார். உருளைக்கிழங்கு மசித்துக் கொடுத்தால் அதில் கட்டி இருக்கிறது என்றார். பப்பாளி குளிராக இருந்தது. பருப்பு சூடாக இருந்தது. கடைசியில் உப்புக் குறைத்த கஞ்சிதான் தேர்வாயிற்று. தலையை வலது தோளுக்குச் சாய்த்து, கண்ணை மூடி, கரண்டி நுனியால் உறிஞ்சி, விழுங்கியபின் ஏதோ நடக்கப்போகிறது என்பதுபோல் சற்று நேரம் அசையாமல் இருப்பார். ஒன்றும் நடக்காது. அடுத்த கரண்டி எடுப்பார்.

"நோகுதோ?" என்று சிவமணி கேட்டார்.

"நோகேல்லை. நோகாமல் பாத்துக்கொள்ளுறன்."

மகன் ஹரிசன் வெள்ளி காலை வேலைக்குப் புறப்படும்போது இதைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டான். "அப்பா, அப்ப ஞாயிற்றுக்கிழமை?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் மூவரும் கொட்டாஞ்சேனைக்குச் சாப்பிடப் போவதாக இருந்தது. ஹரிசன் வேலை செய்யும் மென்பொருள் கம்பனியில் மீனுவும் வேலை செய்தாள். இரண்டு பேருக்கும் விருப்பம். மீனுவின் தகப்பன் முத்தப்பனுக்குப் புறக்கோட்டையில் பாத்திரக் கடை. அவருடைய தாத்தா காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். சிவமணி ஒருமுறை பம்பலப்பிட்டியில் மீனுவைச் சந்தித்து, பிடித்துப்போய், கணவரிடம் சொன்னார். இரத்தினசிங்கம் மாட்டேன் என்று சொல்லவில்லை. மேசையில் தட்டிப் பேசிய மனிதர் எப்படிச் சொல்வது? "போய்ப் பாப்பம்" என்றார். "ஆனா அவை எங்கட ஆக்கள் இல்லைத்தானே" என்றும் சொன்னார். குரல் தாழ்ந்தது.

இப்போது மகன் கேட்டதும் அவர் கண் கஞ்சியிலிருந்து நிமிர்ந்தது. பல் வலி வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் காணாத தெளிவு.

"போவம். ஏன் போகாமல்? சொன்னாச் சொன்னதுதான். ஆனா நான் அங்கை வாயிலை ஒண்டும் வைக்கமாட்டன். டொக்டர் சொல்லியிருக்கிறா. நீ அதை முதலே அவையளுக்குச் சொல்லி வை. பிறகு குறை நினைக்கக் கூடாது."

சிவமணிக்கு உடனே விளங்கியது. மாமனார் காலத்தில் சில வீடுகளுக்குப் போனால் "இப்பதான் சாப்பிட்டனாங்கள்" என்பார்கள். தண்ணீர் கொடுத்தால் தாகமில்லை என்பார்கள். இரத்தினசிங்கம் படித்தவர். மருத்துவக் காரணம் வைத்திருந்தார்.

ஹரிசனுக்கும் விளங்கியது. அவன் "சரி அப்பா" என்றான். லிப்டில் இறங்கும்போதே மீனுவுக்குச் செய்தி அனுப்பினான்: அப்பாவுக்கு ரூட் கெனால், ஒன்றும் சாப்பிட முடியாது, தப்பாக நினைக்க வேண்டாம். மீனு அதைத் தன் அம்மாவிடம் சொன்னாள்.

மீனுவின் அம்மா பகவதி அதைத் தப்பாக நினைக்கவில்லை. அங்கேதான் இரத்தினசிங்கத்தின் திட்டம் பிழைத்தது. போன வருடம் பகவதிக்கே ரூட் கெனால் நடந்திருந்தது. பல் நோகும் மனிதர் ஒருவர் தன் வீட்டுக்கு வந்து மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்று அவருக்கு மனம் பொறுக்கவில்லை. ஞாயிறு விடியுமுன் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார்.

ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் இருந்து நடக்கிற தூரத்தில், ஒடுக்கமான தெருவொன்றில் வீடு. ஞாயிறு என்பதால் கார் நிறுத்த இடம் கிடைத்தது. இறங்கும்போதே இரத்தினசிங்கம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க" என்று முத்தப்பன் வாசலுக்கே வந்துவிட்டார். பருத்த உருவம், வெள்ளை வேட்டி. பகவதி தண்ணீரோடு வந்தார்.

"குளிர் படக் கூடாது" என்றார் இரத்தினசிங்கம்.

"வெதுவெதுன்னுதாண்ணே இருக்கு. ஆற வெச்ச வெந்நி."

அவர் டம்ளரை வாங்கி, வாய்க்கருகில் கொண்டுபோய், பேச ஏதோ ஞாபகம் வந்தவர்போல் கீழே வைத்தார். பிறகு தேநீர் வந்தது. சூடு ஆகாது என்றார். பகவதி அதை உள்ளே கொண்டுபோய் இரண்டு கிண்ணத்தில் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றிக்கொண்டு வந்தார். அதுவும் டம்ளருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. சிவமணி தன் தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறுங்கோப்பையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார்.

சாப்பாட்டு மேசையில் மற்றவர்களுக்கு வாழையிலை. இரத்தினசிங்கத்தின் இடத்தில் மட்டும் வட்டமாகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள். பருப்போடு சேர்த்துக் குழைய விட்டு நெய் ஊற்றிய சோறு. வடிகட்டிய ரசம். மசித்த பூசணிக் கூட்டு. தோல் உரித்து, விதை நீக்கிய கத்தரிக்காய். பாலில் ஊறிய பால் பணியாரம், தொட்டால் உடைகிற பதத்தில். நெய்யின் வாசம் அவர் மூக்கில் ஏறியது. வியாழன் முதல் உப்புக் குறைந்த கஞ்சியில் கிடந்த வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டது.

"மீனு சொன்னா, உங்களால மெல்ல முடியாதுன்னு. அதான் மெல்ல வேண்டாத மாதிரியே செஞ்சேன். உட்காருங்கண்ணே" என்றார் பகவதி.

"ஐயோ, உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல். எனக்கு உறைப்புக் கூடாது."

"மிளகாயே போடல."

"விதையள் போய் அடைஞ்சுபோகும்."

"எல்லாத்தையும் வடிச்சிட்டேண்ணே. எனக்கும் இந்தக் கஷ்டம் வந்துச்சு, எனக்குத் தெரியாதா?"

"இடது பக்கம் பட்டாலும்..."

"வலது பக்கமாச் சாப்பிடுங்க. மெதுவாச் சாப்பிடுங்க. யாரு அவசரப்படுத்துறா?"

இரத்தினசிங்கம் மேசையைச் சுற்றிப் பார்த்தார். முத்தப்பன் இலையில் கை வைக்காமல் விருந்தாளிக்காகக் காத்திருந்தார். காரணங்கள் தீர்ந்துவிட்டன. மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதை எடுத்து வெளியே விட்டார்.

"டொக்டர் கண்டிப்பாச் சொன்னவ. வெளிச் சாப்பாடு தொடவே கூடாதெண்டு. கிருமி தொற்றிப்போடுமாம்."

பகவதியின் கையிலிருந்த நெய்க் கரண்டி அப்படியே நின்றது. முத்தப்பன் இலையைப் பார்த்துக் குனிந்தார்.

மீனுதான் கேட்டாள். குரலில் கோபமில்லை. "வெளிச் சாப்பாடுன்னா கடைச் சாப்பாடா அங்கிள்? இல்ல, எங்க வீடா?"

இரத்தினசிங்கம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் ஹரிசனைப் பார்த்தார்கள். ஹரிசன் இலையில் வைத்திருந்த அப்பளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அப்பாவுக்குச் சரியான நோ, மீனு. விடுங்களன்."

"டொக்டர் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை" என்றார் சிவமணி. "நான் பக்கத்திலைதான் இருந்தனான். சோறு, பருப்பு தாராளமாச் சாப்பிடலாம் எண்டவ." பகவதியின் கையிலிருந்து நெய்க் கரண்டியை வாங்கித் தன் இலையில் ஊற்றினார். பிசைந்து ஒரு வாய் வைத்தார். "நல்லா இருக்கு பகவதி. இவர் பட்டினி கிடக்க விரும்பினாக் கிடக்கட்டும். நாங்கள் சாப்பிடுவம்."

கலியாணமாகி இவ்வளவு காலத்தில் சிவமணி அவரைச் சபையில் மறுத்துப் பேசியது அன்றுதான். இரத்தினசிங்கத்துக்குக் காது சிவந்தது. எழுந்து போகலாம். ஆனால் எழுந்து போனால் எதற்காகப் போனார் என்று கொழும்பு முழுக்கக் கதை போகும். அதைவிட, கிண்ணத்திலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மனிதருக்கு உண்மையாகவே பசி.

"சரி, உங்கட மனம் நோகக் கூடாது. ஒரு வாய்" என்றார்.

ஒரு வாய் போட்டார். தலை சாயவில்லை. கண் மூடவில்லை. இரண்டாவது வாய் பெரிதாக இருந்தது. ரசத்தைக் கிண்ணத்தோடு குடித்தார். கத்தரிக்காயை வழித்தார். பகவதி மறுபடி சோறு போட வந்தபோது "காணும், காணும்" என்று சொன்ன கை கிண்ணத்தை முன்னால் தள்ளியது. பால் பணியாரத்தின் பாலை உறிஞ்சும்போது ஒரு பெருமூச்சு வந்தது. வீட்டில் பத்திய மனிதருக்குக் கஞ்சி கிளறிக் கிளறிக் கை ஓய்ந்த சிவமணி அந்தப் பெருமூச்சைக் கேட்டுவிட்டுத் தன் இலையை மூடினார்.

அதோடு நின்றிருந்தால் பல்லாவது தப்பியிருக்கும். கூடத்தில் வந்து இருந்ததும் முத்தப்பனுக்கு முன்னால் ஒரு தட்டில் சீப்புச் சீடை வைத்தார்கள். பல்லால் உடைத்துத் தின்கிற, வறண்ட, மொறுமொறுப்பான சாமான். இரத்தினசிங்கம் வெள்ளவத்தையில் வீடுகள் விற்கிற விலையைப் பற்றி முத்தப்பனுக்கு விளக்கிக்கொண்டே கையை நீட்டி ஒன்றை எடுத்து இடது பக்கத்தில் போட்டு நன்றாகக் கடித்தார்.

உள்ளே ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. சீடை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். அவர் வாயைத் திறந்தபடி எழுந்து நின்றார். "ஆ" என்பதைத் தவிர வேறு எழுத்து வரவில்லை. பகவதி ஓடிப்போய் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தார். அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று வந்தவர் அந்த வீட்டுத் தண்ணீரால் வாய் நிறையக் கொப்பளித்து, அந்த வீட்டு வொஷ் பேசினில் துப்பினார். பல்லின் அடைப்பும், பல்லில் ஒரு துண்டும் அதில் போயின.

சிவமணி டொக்டருக்குத் தொலைபேசி எடுத்துக் கணவரிடம் கொடுத்தார்.

"என்ன சாப்பிட்டீங்க?" என்று ஷஹீமா கேட்டார்.

"கொஞ்சம் குழைஞ்ச சோறு..."

சிவமணி தொலைபேசிக்குக் கிட்டப் போய்ச் சொன்னார். "சீடை, டொக்டர். கல்லு மாதிரி."

"நாளைக்குக் காலையில கூட்டிக்கொண்டு வாங்க" என்றார் டொக்டர்.

திரும்பி வரும்போது காரின் பின் இருக்கையில் இரத்தினசிங்கம் கன்னத்தில் ஐஸ் கட்டியை வைத்தபடி கிடந்தார். முகத்துவாரப் பக்கமிருந்து வந்த லொறிகளுக்கு வழிவிட்டு நின்றபோது பேச ஆரம்பித்தார். குளிர் கூடாது என்பது அவருக்கு மறந்துவிட்டிருந்தது.

"நல்ல ஆக்கள். சமையலும் துப்புரவு. அந்த மனிசிக்கு விசயம் தெரியுது. நான் குறுக்க நிக்கமாட்டன். செய்வம்."

ஹரிசன் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்து, "தாங்க்ஸ் அப்பா" என்றான். நினைத்ததை விட இலேசாக முடிந்துவிட்டதென்று அவனுக்கு ஆறுதல்.

திங்கட்கிழமை பல்லுக்கு மறுபடி அடைப்புப் போட்டார்கள். டொக்டர் வாயைக் கட்டவில்லை என்பதால் மாலையில் மரைன் டிரைவில் நடந்துகொண்டே ரெனால்டுக்குச் செய்தி சொன்னார்.

"நாங்கள் படிச்ச ஆக்கள் மாறாட்டி ஆர் மாறுறது, சொல்லும்? நான் அவையின்ரை வீட்டிலை இருந்து சாப்பிட்டனான். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டனான்."

ரெனால்ட் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். "சாப்பிட்டதை ஒரு சாதனை மாதிரிச் சொல்றீங்க" என்றார். இரத்தினசிங்கம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அதே நேரத்தில் ராஜகிரியவில், கம்பனிச் சிற்றுண்டிச்சாலையின் மூலை மேசையில், மீனுவுக்கு முன்னால் ஹரிசன் இருந்தான். அப்பா சம்மதித்துவிட்டார் என்று சொல்லிச் சிரித்தான். மீனு சிரிக்கவில்லை.

"எனக்கு உங்க அப்பா மேல பெரிய கோவம் இல்ல ஹரி. அவர் அப்படித்தான்னு ஒரு நிமிசத்துல தெரிஞ்சிருச்சு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை நீங்க மெசேஜ் போட்டீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா? அவர் ஏன் சாப்பிட மாட்டார்னு?"

ஹரிசன் கோப்பையைச் சுற்றினான். பொய் சொல்லலாம். ஆனால் அவன் யோசித்த நேரமே பதிலாகிவிட்டது.

"ஓம்" என்றான்.

"அப்ப எங்கம்மா இருட்டோட எழும்பி ஒவ்வொண்ணா மசிச்சு, தோல் உரிச்சு, வடிகட்டிட்டு இருந்தப்ப உங்களுக்குத் தெரியும்."

"பிரச்சினை வரக் கூடாதெண்டுதான் மீனு. கலியாணம் முடிஞ்சால் எல்லாம் சரியாயிடும். அவரைக் கொஞ்சம் சமாளிச்சால்..."

"உங்கம்மா ஒரு வார்த்தை சொன்னாங்க. ஒரே ஒரு வார்த்தை. உங்களால அது முடியல. அப்பளத்தைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க." அவள் எழுந்து கோப்பையை எடுத்துக்கொண்டாள். "வாழ்க்கை பூரா நான் சாப்பாட்டை மசிச்சு மசிச்சு வெச்சுக்கிட்டு, உங்க அப்பா எப்ப வாய் திறப்பார்னு பாத்துக்கிட்டு இருக்க முடியாது. வேணாம் ஹரி. நம்ம ரெண்டு பேரும் இதோட நிறுத்திக்குவோம்."

வீட்டில் ஹரிசன் இதைச் சொன்னபோது இரத்தினசிங்கத்துக்கு முதலில் காதில் ஏறவில்லை. "ஆர் வேண்டாமெண்டது? தகப்பனோ?"

"மீனுதான்."

"எங்களையோ?"

"என்னை" என்றான் ஹரிசன்.

இரத்தினசிங்கம் கூடத்தில் அங்குமிங்கும் நடந்தார். எத்தனையோ குடும்பங்களை வேண்டாம் என்று சொல்லவைத்த மனிதர். தன் வீட்டை ஒருவர் வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்பது அவருடைய மனப்பாடத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. "நான் சம்மதிச்ச பிறகும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு மகனைப் பேசினார். பிறகு அந்தச் சீடையைப் பேசினார்.

அடுத்த ஞாயிறு ஹரிசன் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனான். மீனுவிடம் பேசப் போகவில்லை. பகவதியிடம், "அம்மா, நான் தெரிஞ்சுகொண்டே உங்களை வேலை வாங்கிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றான். பகவதி அவனை உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். எல்லோருக்கும் சமைத்த சாப்பாடு, காரமும் முள்ளுமாக. அவன் சாப்பிட்டான். கோயிலிலிருந்து திரும்பிய மீனு அவனைக் கண்டதும், "இன்னும் கொஞ்சம் மீன் போடவா?" என்று கேட்டாள். கேட்ட தோரணையில் ஒரு விருந்தாளிக்குரிய மரியாதை முழுமையாக இருந்தது. தன் பதில் மாறவில்லை என்பதை அவள் வேறு எப்படியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. அவன் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் புறப்பட்டான். அந்த மாதமே வெள்ளவத்தை வீட்டை விட்டுத் தனியாக ஒரு அறை எடுத்துப் போனான்.

இரத்தினசிங்கத்துக்குப் பல் ஆறியது. உடைந்த துண்டையும் சரிக்கட்டிக் கிரவுன் போட்டார்கள். இப்போது இரண்டு பக்கத்தாலும் நன்றாக மெல்லுகிறார். கொட்டாஞ்சேனைக் கதைக்கும் அவர் ஒரு கிரவுன் செய்து வைத்திருந்தார்: சாதகம் பொருந்தவில்லை. அதைக் கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்களும் அதே மாதிரிச் சாதகங்களை வைத்திருந்தவர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில், பக்கத்து மாடியில் குடியிருக்கும் ரதி இரத்தினசிங்கத்தையும் சிவமணியையும் நிறுத்தினாள். "என்ன, மகன்ரை விசயம் சரிவரேல்லையாம்?"

"சாதகம் பொருந்தேல்லை" என்று இரத்தினசிங்கம் தயாராக இருந்ததைச் சொன்னார். "நாங்கள்தான் யோசிச்சுப்போட்டு விட்டிட்டம்."

"சாதகம் பாக்கவே இல்லை ரதி" என்றார் சிவமணி. "அந்தப் பிள்ளை எங்களைப் பாத்துப்போட்டு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுது. நல்ல பிள்ளை."

இரத்தினசிங்கம் குனிந்து, காலிலேயே போட்டிருந்த செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.